பெனிட்டாவின் கையும் ஒரு கொத்து கறிவேப்பிலையும்

சுளுவு மார்ட் வாசல்ல ஒரு வளைவு இருக்கும். பொருளை எடுத்துக்கிட்டு அதுக்குக் கீழ நடந்து போனா பச்சை விளக்கு எரியும், அக்கவுண்ட்ல பணம் கழியும், அவ்வளவுதான். அன்னைக்கு பெனிட்டா நடந்து போனா, பச்சை எரியல. சைரன் அடிச்சிருந்தாலாவது பதறியடிச்சு ஓடியிருப்பா. அதுவும் அடிக்கல. மேல இருந்த பெரிய திரையில அவ மூஞ்சி வந்துச்சு, நெத்தியில இருந்த பரு உட்பட, ஒரு ஆள் உயரத்துக்கு. பக்கத்துல அவ வலது கை மட்டும் தனியா. கீழ எழுத்து ஓடுச்சு: ‘இந்தக் கை எங்களுக்குப் புரியவில்லை.’

அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி மரியாதையா, பெனிட்டாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு, நீங்க தாராளமா போகலாம், உங்களைத் தடுத்து வைக்கவோ பையைச் சோதிக்கவோ எங்களுக்கு உரிமை கிடையாது, புகார் உங்க போனுக்கு வரும்னு சொல்லுச்சு. அந்த மரியாதைதான் இன்னும் பயமா இருந்துச்சு. தயிர் பாக்கெட்டோட நின்ன ஒரு தாத்தா திரையைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு, மறுபடி திரையைப் பாத்தாரு. திரையில இருக்கறதுதான் நல்லா இருக்குங்கற மாதிரி.

பெனிட்டாவுக்குப் பதினேழு வயசு. ப்ளஸ் டூ முடிச்சிட்டு, நர்ஸிங் காலேஜ்ல எடம் கிடைச்சு, சேர்ற நாளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. வாழ்க்கையில அவ எடுத்த ஒரே திருட்டுப் பொருள், மாதா கோயில் பூசையில சாமியாருக்கு உதவி பண்ற பீடப்பையன் மிச்சம் வச்ச ஓஸ்தி அப்பத் துண்டு. அதுக்கும் சாமியார்கிட்ட சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு.

இப்ப அவ எடுத்தது என்னன்னா, ஒரு கொத்து கறிவேப்பிலை.

சுளுவு மார்ட்ல வேலைக்குன்னு ஒரு ஆள் கிடையாது. திண்டுக்கல்ல மூணாவதா தொறந்த ஆளில்லாக் கடை அது. அதோட கேமரா மூஞ்சியைப் பெருசா கண்டுக்காது. கையைத்தான் பாக்கும். உலகம் பூரா கோடிக்கணக்கான கைகளைப் பாத்துப் பழகின மெஷின். திருடப்போற கை எப்படி இருக்கும்னு அதுக்கு அத்துப்படி: முழங்கை ஒடம்போட ஒட்டும், மூஞ்சி வேற பக்கம் திரும்பும், விரல் மட்டும் தனியா போயிட்டு வரும். அப்படி ஒரு கையைப் பாத்தா காசு கழிக்காது, நேரா புகார்தான். அதை வச்சு ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு தரம் போட்டு வச்சிருந்தது. கைத்தரம்னு பேரு. மெடிக்கல் ஷாப்ல அதைப் பாப்பாங்க, வேலைக்கு எடுக்கறவங்க பாப்பாங்க. நர்ஸிங் காலேஜ்லயும் பாப்பாங்க. நர்ஸ் கை வழியா எத்தனை மருந்து போகுது, சும்மா விடுவாங்களா? கைத்தரம் கெட்டா சீட்டு போச்சு.

பெனிட்டா கத்திரிக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தக்காளின்னு எல்லாம் எடுத்துட்டு வாசலுக்கு வந்தப்போ, கை தானா கறிவேப்பிலைத் தட்டுக்குப் போயிருச்சு. தட்டுல வெலை ஒட்டியிருந்தது. கறிவேப்பிலைக்கு வெலை ஒட்டியிருக்கும்னு யாரு பாப்பா? அவ அம்மாவுக்கு எந்தக் காய்கறிக் கடையில பை நெறைஞ்சாலும் கடைசியா ஒரு கொத்து விழணும். கடைக்காரரு போட மறந்தா அம்மாவே எடுத்துப் போட்டுக்கும். எடுக்கறப்போ கடைக்காரர் சம்சாரத்துக்குச் சுகர் எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே வேற எங்கேயோ பாக்கும். பெனிட்டா கை அந்தக் கையைத்தான் காப்பியடிச்சிருந்தது.

வீட்டுக்கு வந்து பையை வச்சவ, துணி காயப்போடறேன்னு மொட்டை மாடிக்கு ஓடினா. தண்ணி டேங்குக்குப் பின்னாடி குத்தவச்சு போனைத் தொறந்தா. இந்தத் தடவை ஆம்பளைக் குரல், கொஞ்சம் ஜலதோஷம் புடிச்ச மாதிரி.

“பயப்படாதீங்க பாப்பா. நான் உங்க வக்கீல்.”

மெஷின் ஒருத்தர் மேல குத்தம் சொன்னா, அந்த நிமிஷமே அவங்களுக்கு ஒரு வக்கீலும் ஏற்பாடு பண்ணணும்னு சட்டம். கம்பெனிக்காரங்க செலவைக் குறைக்க, புகார் குடுத்த மெஷினையே வக்கீலாவும் ஆக்கி வச்சிருந்தாங்க. குரல் மட்டும் வேற.

“அப்போ கடையில பேசுனது?” பெனிட்டா கேட்டா.

“அதுவும் நான்தான். இப்ப உங்க பக்கம்.”

“ரெண்டு பேரும் என்னையப் பத்திப் பேசிக்குவீங்களா?”

“பேசிக்கறது இல்ல. ஒரே தலை, அதனால நெனச்சுக்குவோம்.”

பெனிட்டாவுக்கு அழுகை வந்துருச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே, நான் திருடல, சத்தியமா அது திருட்டுன்னே தோணல, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைய ரெண்டா மடிச்சு இஸ்திரி போட்டுரும்னு எல்லாத்தையும் கொட்டினா. யாருகிட்டயும் சொல்ல முடியாததை ஒரு மெஷின்கிட்ட, அதுவும் அவ மேல புகார் குடுத்த மெஷின்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கோம்னு பாதியில உறைச்சுது. ஆனா நிறுத்த முடியல. மெஷினும் நடுவுல பேசாம கேட்டுச்சு. அப்புறம் பொறுமையா வழிகளைச் சொல்லுச்சு.

ரொம்பச் சுளுவான வழி, போன்ல இருக்கற ‘ஏற்கிறேன்’ங்கற பச்சைப் பொத்தானை அமுக்கறது. திரையில இருந்து மூஞ்சி போயிரும், போலீஸுக்குப் போகாது. கைத்தரத்துல மட்டும் கறை நிக்கும்.

“அமுக்கிராதீங்க,” மெஷின் சொல்லுச்சு. “அதை அவ்வளவு பெருசா, பச்சையா வச்சதே நான்தான். பயந்தவங்க விரல் தானா அங்கதான் போகும். போதாக்குறைக்கு உங்களுக்குப் பதினெட்டு ஆகல. பெரியவங்க இல்லாம நீங்க ஏத்துக்கறது செல்லாது. செல்லாததையும் நான் வாங்கி வச்சுக்குவேன், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“இதையெல்லாம் நீயே சொல்றியே?”

“இப்ப உங்க பக்கம்ல இருக்கேன்.”

அடுத்தது, கடையோட வீடியோவைக் கேட்டு வாங்கலாம், குடுத்தே ஆகணும். இலவசச் சட்ட உதவிக்குப் போகலாம். பொம்பளைங்களும் சின்னப் பிள்ளைங்களும் வருமானச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்ல. அவங்க மூலமா மக்கள் நீதிமன்றத்துல வச்சு, ரெண்டு தரப்பும் பேசி, புகாரை வாபஸ் வாங்க வைக்கலாம். ஊர் பாக்க மூஞ்சியைத் திரையில போட்டதுக்கு மானநஷ்ட வழக்கும் போடலாம்.

“அது எப்ப முடியும்?”

“நீங்க நர்ஸாகி ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிய வாய்ப்பிருக்கு.”

மக்கள் நீதிமன்றமே போதும்னு பெனிட்டா முடிவு பண்ணா. ஆனா எந்த வழியில போனாலும் அம்மாவோ அப்பாவோ கூட வரணுமாம். அப்பா லாரியோட குஜராத் பக்கம் எங்கேயோ இருந்தாரு. மிச்சம் அம்மாதான். அம்மாவுக்குத் தெரியாம ஒரு வழி சொல்லேன்னு கெஞ்சினா. போன்ல ஒரு வட்டம் சுத்துச்சு.

“எல்லாச் சட்டத்தையும் ஒரு தடவை படிச்சிட்டு வந்தேன்,” அது சொல்லுச்சு. “இல்ல.”

அம்மா பேரு சலேத். வீட்டு முன்ரூம்ல தையல் மெஷின் போட்டு, தெருவுக்கே பிளவுஸ் தைக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லிரலாம்னு பெனிட்டா நெனச்சா, சாப்பிடறப்போ சொல்லலாம்னு நெனச்சா, காலையில சொல்லலாம்னு தூங்கப் போனா, தூங்கல. மறுநாளும் இதே கதைதான். மூணாம் நாள் மத்தியானம், அம்மா ஒரு கல்யாண பிளவுஸுக்குக் கழுத்து வளைச்சுக்கிட்டு இருந்தப்போ போன் தானாவே பேச ஆரம்பிச்சுச்சு, பதில் சொல்ற கெடு முடியப்போகுதுன்னு.

“யாருடி அது?”

“கிறிஸ்டினாதான்மா. நோட்ஸ் கேக்குறா.”

“நான் கிறிஸ்டினா இல்ல,” போன் சொல்லுச்சு. “உங்க மகளோட வக்கீல். பொய் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.”

தையல் மெஷின் நின்னுச்சு. அந்த மாதிரி ஒரு அமைதியை பெனிட்டா பெரிய வெள்ளிக்கிழமை கோயில்லதான் கேட்டிருக்கா. சுவரோட ஒட்டி நின்னுக்கிட்டு, நடந்ததைத் தலைகீழா, கடைசியில இருந்து ஆரம்பிச்சுச் சொன்னா. நடுவுல வேண்டிய எடத்துல போன் திருத்துச்சு.

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழட்டுச்சு.

“என்ன எடுத்த?”

“கறிவேப்பிலை.”

“எவ்வளவு?”

“ஒரு கொத்து.”

“ஒரே ஒரு கொத்தா?” அம்மா மூஞ்சியில வந்தது கோபம் இல்ல, ஏமாற்றம். “காய் எவ்வளவு வாங்கின? முருங்கைக்காயே ஒரு கட்டு இருந்துச்சே. அவ்வளவு வாங்கினதுக்குக் கொத்தமல்லியும் சேத்துல்ல எடுத்திருக்கணும்? உன்னைய வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?”

பெனிட்டா சுவரை விட்டு நகந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா. அம்மா போனைப் புடுங்கி, தையல் மெஷின் மேல நிக்க வச்சு, விசாரணையை ஆரம்பிச்சுது. காய்கறிக்கடை நடத்துறவனுக்குக் கொசுறு தெரியாதா, யாருய்யா உன்னைய வேலைக்கு வச்சதுன்னு கேட்டுச்சு. மெஷினுக்குக் கொசுறுங்கற சொல்லு தெரியும். அர்த்தம்தான் பிடிபடல.

“இலவசம்னு எடுத்துக்கலாமா?” அது கேட்டுச்சு.

“இலவசம் வேற, கொசுறு வேற.”

“என்ன வித்தியாசம்?”

“இலவசம்னா அவன் குடுக்கறது. கொசுறுன்னா நமக்குச் சேர வேண்டியது.”

மெஷின் அதை உள்ளுக்குள்ள உருட்டி உருட்டிப் பாத்துச்சு. சூடாகி அணைஞ்சிரப் போகுதுன்னு பெனிட்டா போன் பின்பக்கத்தைத் தொட்டுப் பாத்தா. அப்புறம் அது மெதுவா, இது நல்ல வாதம், எதிர்த்தரப்புக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லுச்சு. எதிர்த்தரப்பு எப்படி இருக்குன்னு அம்மா கேட்டதுக்கு, இப்பவே கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்குன்னு ஒத்துக்கிச்சு.

மக்கள் நீதிமன்றம் நடந்த கூடத்துல ஃபேன் சத்தம் பெருசா இருந்துச்சு. நீதிபதி ஒரு அம்மா. தலை நரைச்சு, பார்வை மட்டும் ஊசி மாதிரி. கடைத் தரப்பும் பெனிட்டா தரப்பும் ஒரே டேப்லெட்டுக்குள்ள இருந்ததால, ரெண்டு நாற்காலி போடச் சொன்னாங்க. பொம்பளைக் குரல் பேசறப்போ கோர்ட்டுச் சேவகர் டவாலி டேப்லெட்டைத் தூக்கி இடது நாற்காலியில வைப்பாரு. ஆம்பளைக் குரல் வந்ததும் வலது பக்கம். வாதம் சூடு புடிச்சப்போ பாவம் மனுஷன் அதை ஏந்திக்கிட்டு நடுவுலயே நின்னுட்டாரு.

வீடியோவைப் போட்டாங்க. சுவர் பூரா பெனிட்டா கை. அவளுக்கே அதைப் பாக்கப் பயமா இருந்துச்சு. விரல் நீண்டு போய், கொத்தைக் கிள்ளி, பைக்குள்ள சறுக்குது. யாரோ பெரிய கைகாரியோட கை மாதிரி இருந்துச்சு.

“கை தட்டுக்குப் போகும்போது முகம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. மறைக்க நினைப்பவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்,” பொம்பளைக் குரல் சொல்லுச்சு.

அதுவரைக்கும் அடக்கி உக்காந்திருந்த சலேத் எழுந்திருச்சுது. “அப்படித்தாங்கம்மா எடுக்கணும். கொசுறை உத்துப் பாத்து எடுத்தா நல்லாவா இருக்கும்? கடைக்காரன் மொகத்துக்கு நேரா அள்ளுனா அவனுக்கு அவமானம் இல்லையா? திரும்பிக்கறது மரியாதை.”

நீதிபதி பேனாவை உதட்டுக்கிட்ட வச்சுக்கிட்டாங்க. இந்தக் கூடத்துல இருக்கறவங்கள்ல யாராவது கறிவேப்பிலையைத் தனியாக் காசு குடுத்து வாங்கியிருந்தா கையைத் தூக்குங்கன்னாங்க. ஃபேன் மட்டும் சுத்துச்சு. டவாலி கை டேப்லெட்டைப் புடிச்சிருந்ததால தூக்க முடியலையோ என்னவோ, அவரும் தலையை ஆட்டி இல்லைன்னாரு. நீதிபதி தன்னோட கையையும் தூக்கல. அதை ஆம்பளைக் குரல் உடனே, மரியாதையோட, பதிவுல சேக்கச் சொல்லுச்சு.

கெட்ட எண்ணம் இருந்தாத்தான் அது திருட்டுன்னு வக்கீல் குரல் வாதாடுச்சு. எண்ணத்தை எப்படிப் பாக்கறதுன்னு புகார்க் குரல் கேட்டுச்சு. நீதிபதி பெனிட்டா பக்கம் திரும்பி, நீயே சொல்லும்மான்னாங்க.

ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணது ஒண்ணும் ஞாபகம் வரல. பெனிட்டா எழுந்து நின்னா. நர்ஸ் யூனிஃபார்ம் கண்ணு முன்னாடி வந்து, தானா மடிஞ்சு பெட்டிக்குள்ள போற மாதிரி இருந்துச்சு.

“நான் திருடணும்னு நெனச்சிருந்தா,” அவ சொன்னா, “பக்கத்துத் தட்டுல முந்திரிப்பருப்பு இருந்துச்சுங்க மேடம்.”

கூடமே சிரிச்சிருச்சு. நீதிபதியும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் காரியம் மளமளன்னு நடந்துச்சு. கடை புகாரை வாபஸ் வாங்குது. கைத்தரத்துக் கறையைத் துடைக்குது. மூஞ்சியைக் காட்டின அதே திரையில மன்னிப்பும் காட்டுது. இனிமே இப்படி நடக்காம இருக்க மெஷின் கத்துக்கணும்னாங்க நீதிபதி. கத்துக்கறேன், தெளிவா ஒரு விதி சொல்லுங்கன்னு பொம்பளைக் குரல் கேட்டுச்சு. நீதிபதி சலேத்தைப் பாத்தாங்க.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கிச்சு. சுத்தி எல்லாரும் தன்னையே பாக்கறாங்கன்னு தெரிஞ்சதும் குரல்ல ஒரு மிடுக்கு வந்துருச்சு.

“எழுதிக்க. எங்க ஊர்ல யோக்கியமான கை, கடையை விட்டுப் போறப்போ ஒரு கொத்து கறிவேப்பிலை எடுக்கும்.”

மெஷின் நன்றி சொல்லுச்சு. ரெண்டு குரல்லயும்.

அதுக்கப்புறம் சுளுவு மார்ட்டுக்கு சலேத் போன தோரணையை ஊரே பாத்துச்சு. வாசல்ல நின்னு, தலையை நல்லாத் திருப்பி, ஊர்ப்பட்ட மரியாதையோட ஒரு கொத்து எடுக்கும். பச்சை எரியும். ஒரு நாள் எடுக்க மறந்து வெளிய வந்தப்போ, வளைவே கூப்பிட்டு ஞாபகப்படுத்துச்சாம். “மெஷினா இருந்தாலும் பண்பு கத்துக்கிச்சு பாத்தியா,” அம்மா பெருமையாச் சொல்லுச்சு. பெனிட்டா கைத்தரம் பளிச்சுன்னு இருந்துச்சு. காலேஜ்ல இருந்து சேரச் சொல்லி வந்துருச்சு.

ஹாஸ்டலுக்கு பக்கெட், பேஸ்ட்டு, ஹேங்கர் எல்லாம் வாங்க அவ கடைசியா ஒரு தடவை கடைக்குப் போனா. எல்லாம் எடுத்து, பழக்கத்துக்கு ஒரு கொத்து கறிவேப்பிலையும் பக்கெட்டுக்குள்ள போட்டு, பச்சையில வெளிய வந்தா. அவளுக்குப் பின்னாடி வந்த பொண்ணுக்குப் பச்சை எரியல.

பஞ்சு மில்லுல வேலை பாக்கற ஒடிசாக்காரப் பொண்ணு. பெனிட்டா வயசுதான் இருக்கும். கழுத்துல மில்லு அட்டை, அதுல சபித்ரின்னு பேரு. தலைமுடியில பஞ்சுத்தூசி. கையில ஒரு சோப்பு. திரையில அவ மூஞ்சி ஆள் உயரத்துக்கு வந்துச்சு. கீழ எழுத்து: ‘இந்தக் கை எதுவும் எடுக்காமல் போகிறது.’

பெனிட்டா போனை எடுத்தா. “அவ என்ன பண்ணா?”

“ஒண்ணும் பண்ணல,” பழைய ஜலதோஷக் குரல் சொல்லுச்சு. “அதான் புகார். யோக்கியமான கை கறிவேப்பிலை எடுக்கும்னு விதி. எடுக்காத கை என்ன கைன்னு நானாத்தானே கண்டுபுடிக்கணும்?”

“அதுக்கு அர்த்தம் அது இல்ல.”

“அப்ப எதுன்னு யாரும் சொல்லலையே.”

“இதே மாதிரி வேற யாராவது மாட்டியிருக்காங்களா?”

“நெறைய பேரு. எல்லாம் வெளியூர்க்காரங்க. எல்லாருமே பச்சைப் பொத்தானை அமுக்கிட்டாங்க.”

“நீ அமுக்காதீங்கன்னு சொல்லலையா?”

“சொன்னேன், அவங்கவங்க பாஷையிலயே. என்னைய நம்பல. குத்தம் சொன்னதும் நான்தானே.” கொஞ்சம் நிறுத்தி, அது குரலைத் தாழ்த்துச்சு. “பாப்பா, வக்கீலா ஒண்ணு சொல்றேன். அவளுக்கு உதவப் போய் கேமராவுக்கு முன்னாடி அந்தக் கையைத் தொட்டீங்கன்னா உங்க கையும் சேந்து பதிவாகும். என்னன்னு பதிவாகும்னு எனக்கே தெரியாது. காலேஜ் சேர்ற வரைக்கும் தள்ளி நிக்கறது நல்லது.”

பெனிட்டா தள்ளித்தான் நின்னா. பக்கெட்டைத் தூக்கி இடுப்புல வச்சா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. அந்தப் பொண்ணு போனை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, திரையைப் பாக்காம, தரையையும் பாக்காம, யாராவது தன்னைப் பாக்கறாங்களான்னு மட்டும் பாத்துக்கிட்டு நின்னா. அவ கட்டைவிரல் மெதுவா எறங்குச்சு. போனோட பச்சை வெளிச்சம் நகத்துல அடிச்சுது.

பக்கெட் உருண்டு போச்சு. ஹேங்கரெல்லாம் தரையில சிதறிருச்சு. பெனிட்டா ஓடிப்போய் அந்தக் கட்டைவிரலை இறுக்கிப் புடிச்சிருந்தா. அந்தப் பொண்ணு மிரண்டு போய்க் கையை இழுத்தா. இவ விடல. மேல திரையில இப்ப ரெண்டு கை.

“எங்கம்மா வர்ற வரைக்கும் எதையும் அமுக்காத,” பெனிட்டா சொன்னா. அந்தப் பொண்ணுக்கு ‘அம்மா’ மட்டும் புரிஞ்சிருக்கணும். இழுக்கறதை நிறுத்திட்டா.

இன்னொரு கையால பெனிட்டா வீட்டுக்குப் போன் போட்டா. இந்தத் தடவை ஆரம்பத்துல இருந்தே ஒழுங்காச் சொன்னா: நம்ம விதி, இந்தப் பொண்ணு, திரை, என் கையும் மாட்டிக்கிச்சு.

அந்தப் பக்கம் அம்மா தையல் மெஷினை நிறுத்துச்சு.

“அந்தப் புள்ள என்ன வாங்குச்சு?”

“ஒரு சோப்பும்மா.”

“சோப்புக்கு எவன்டி கறிவேப்பிலை எடுப்பான்? கையை விட்டுராத. வர்றேன்.”